ஏழு வீதப் பிழை

றைபிள் கிளப்புக்கு தோட்டாவின் வேகத்தை அளக்கிற குரோனோகிராப் ஒன்று வாங்குவதென்று முடிவானபோது, பார்வைக்கு வரும் மூன்று கருவிகளில் எதை வாங்குவது என்று சொல்லுகிற பொறுப்பு விக்னராஜாவின் தலையில் வந்து விழுந்தது. அவனுக்குத் துப்பாக்கியில் ஆசை கிடையாது. கொழும்பில் பதினொரு வருஷம் அரசாங்க ஆய்வுகூடமொன்றில் அளவு கருவிகளைச் சரிபார்த்த என்ஜினியர் அவன். அவுஸ்திரேலியாவில் டண்டினொங்குக்கு வந்தபிறகு, அந்த எழுபத்தெட்டாம் ஆண்டு வரைக்கும், ஒரு பம்புத் தொழிற்சாலையின் வரிசையில் நின்று வால்வுகளுக்கு மூடி முடுக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய பட்டம் நோபல் பார்க் வீட்டில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது.

தொழிற்சாலையின் போர்மன் கொலின்தான் கிளப்பின் தலைவர்.

"கருவியென்றால் உமக்குத் தெரியும்தானே, விக். ஞாயிற்றுக்கிழமை வந்து பாரும்" என்றார்.

நான்கு வருஷத்தில் 'உமக்குத் தெரியும்தானே' என்று யாரும் அவனிடம் கேட்டதில்லை. போனான்.

கிளப்பில் பலர் கடைத் தோட்டா வாங்குவதில்லை. சுட்ட பித்தளைக் கோதை எடுத்துவந்து, புதிதாக வெடிமருந்து நிறுத்துப் போட்டு, முனையில் சன்னம் என்கிற குண்டைப் பொருத்தி, வீட்டிலேயே நிரப்பிக்கொள்வார்கள். அதில் கொலின் பெரிய கை. பாதிக் கிளப்புக்கு அவர்தான் நிரப்பிக் கொடுத்தார். "செக்கனுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு அடி. கூடவும் போகாது, குறையவும் போகாது" என்பார். அதை ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. அளப்பதற்குத்தான் இந்தக் கருவி.

அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் லெஸ். முன்னொரு காலத்தில் றெயில் ஓட்டியவர், அறுபத்தெட்டு வயது, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். கை நடுங்கும் என்பதால் மருந்து நிறுக்க மாட்டார். கொலின் கொடுப்பதைத்தான் சுடுவார். முதல்நாள் காருக்குள் வைத்து அவனுடைய பெயரைக் கேட்டு, நான்கைந்து தடவை வாய்க்குள் உருட்டி, கடைசியில் 'விக்னராஜா' என்று முழுதாகச் சொல்லிவிட்டார். அந்த நாட்டில் அவனுடைய பெயரை முழுதாகச் சொன்ன வெள்ளைக்காரர் அவர் ஒருவர்தான்.

கடையிலிருந்து பார்வைக்கென்று மூன்று கருவிகள் வந்திருந்தன. முதலாவதில் இரண்டு காகிதத் திரைகள். சன்னம் துளைத்துக்கொண்டு போகும்போது காகிதத்திலுள்ள மின்கோடு அறும். ஒவ்வொரு வெடிக்கும் காகிதம் மாற்ற வேண்டும், வருகிற எண்ணை அட்டவணையில் தேடி வேகம் பார்க்க வேண்டும். இரண்டாவது, சன்னத்தின் நிழலைக் கண்டுபிடிக்கிறது. மூன்றாவது சின்னது, மலிவானது, வேகத்தைச் சிவப்பு எண்ணில் நேராகவே காட்டும். எல்லாரும் அதைச் சுற்றித்தான் நின்றார்கள்.

விக்னராஜா மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினான். ஒரே சன்னம் மூன்றுக்குள்ளாலும் போகட்டும், எது பொய் சொல்லுகிறதென்று தெரிந்துவிடும். மே மாதக் குளிர். லெஸ் கொலினுடைய தோட்டாவில் பத்து வெடி வைத்தார். கடைசி வெடிக்கு முதலாவது கருவி மூவாயிரத்துப் பன்னிரண்டு என்றது. இரண்டாவது மூவாயிரத்து ஆறு. மூன்றாவதில் இரண்டாயிரத்து எண்ணூற்று ஏழு என்று சிவப்பாக எரிந்தது.

நின்றவர்கள் கை தட்டினார்கள். கொலின் தொப்பியைக் கழற்றி அவர்களுக்குக் குனிந்து காட்டினார்.

விக்னராஜா லெஸ்ஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி மூன்று வெடிக்கும் துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடுகிற போல்ட் இலகுவில் திறக்கவில்லை. கிழவர் உள்ளங்கையால் அடித்துத்தான் திறந்தார்.

அடுத்தநாள் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாவது கருவியைத் தொழிற்சாலையின் டெஸ்ட் றூமுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த, நேரத்தைத் துல்லியமாக அளக்கிற மீட்டரில் கொழுவினான். மற்ற இரண்டிலும் நேரத்தை எண்ணுவதற்குப் படிகம் இருந்தது, இதில் இல்லை. இதற்குள்ளிருந்த கடிகாரம் நூற்றுக்கு ஏழு வீதம் வேகமாக ஓடியது. கடிகாரம் வேகமாக ஓடினால் சன்னம் மெதுவாகப் போனதுபோலத்தான் தெரியும். ஆக, கொலினுடைய தோட்டா உண்மையில் மூவாயிரம் அடியில் போகிறது. அந்த றைபிளுக்கு அந்தச் சன்னத்தோடு அது தாங்காத வேகம். அவ்வளவு வேகத்தில் தள்ளுகிற அழுத்தம் முதலில் துப்பாக்கியின் அறைக்குள்தான் இருக்கிறது, சுடுகிறவனுடைய முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். லெஸ் போல்ட்டை அடித்துத் திறக்கவேண்டி வந்ததும் அதனால்தான்.

புதன்கிழமை கன்ரீனில் கொலினைத் தனியாகப் பிடித்துச் சொன்னான். கொலின் தேநீரைக் குடித்து முடித்தார்.

"இருபது வருஷமாக நிரப்புகிறேன், விக். இரண்டு கருவி பிழை, ஒன்று சரி. அப்படியும் இருக்கலாம்தானே?"

"நான் மீட்டரில் போட்டுப் பார்த்தேன்."

"ஓ." கொலின் கோப்பையைத் தள்ளி வைத்தார். "டெஸ்ட் றூமில் இருக்கிறவர் ஜூலையில் ஓய்வு. யாரைப் போடலாமென்று மனேஜர் என்னிடம்தான் கேட்டிருக்கிறார். நான் உம்முடைய பெயரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்." எழுந்தார். "கிளப் கமிட்டிக்கு ஒரு பக்கத்தில் றிப்போர்ட் எழுதும். பெயருக்குப் பின்னால் உம்முடைய பட்டத்தையும் போடும். பார்வைக்கு நன்றாக இருக்கும்."

அன்று பின்னேரம் குசினியில் அவனுடைய மனைவி யோகராணி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள். விஷயத்தைச் சொன்னான்.

"மெசின் பிழையாக் காட்டினா ஆருக்கு என்ன நட்டம்?" என்றாள். "அந்தாளுக்குத் தான் பெரிய ஆள் எண்டு காட்டவேணும். காட்டட்டும். தலையை ஆட்டிப்போட்டு வாங்கோ. நாலு வருஷமா அந்த வரிசையில நிண்டு உங்கட முதுகு படுற பாட்டை நான்தானே பாக்கிறன்."

"பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு எப்பிடி எழுதிறது?"

"பிழையெண்டு எழுதாதேங்கோ. சரியெண்டும் எழுதாதேங்கோ."

அழுத்தத்தைப் பற்றி அவன் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தான், பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து றிப்போர்ட்டை எழுதத் தொடங்கினான். 'மூன்றாவது கருவி பாவனைக்கு இலகுவானது. விலை குறைவு. எண்ணை நேராக வாசிக்கலாம். கிளப்பின் தேவைக்கு உகந்தது.' திரும்ப வாசித்தபோது, முதல் மூன்று வரியிலும் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கீழே கையெழுத்துப் போட்டு, பெயருக்குப் பின்னால் 'பி.எஸ்சி. என்ஜினியரிங்' என்று எழுதினான். அவுஸ்திரேலியாவுக்கு வந்து அதை எழுதியது அதுதான் முதல் தடவை. பேனா கொஞ்ச நேரம் அந்த எழுத்துகளின்மேலேயே நின்றது.

கிளப் மூன்றாவது கருவியை வாங்கியது. ஜூலையில் அவனுக்கு டெஸ்ட் றூம் கிடைத்தது. வெள்ளைக் கோட்டு, சுழலும் கதிரை, வெளிச்சம் வருகிற யன்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் லெஸ் வந்து ஹோர்ன் அடித்தால், சளி, தடிமன் என்றோ விருந்தாட்கள் வருகிறார்கள் என்றோ சொல்லி அனுப்பினான். கொஞ்ச நாளில் லெஸ் ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டார்.

சிவப்பு எண் இரண்டாயிரத்து எண்ணூறில் நிற்பது கொலினுக்கு ஒரு துணிவைக் கொடுத்துவிட்டது. இன்னும் இடம் இருக்கிறதென்று மருந்தைக் கூட்டினார். நவம்பரில் ஒரு வெயில்நாள், லெஸ் நாலாவது வெடி வைத்தபோது கோதின் அடி பிளந்து, நெருப்பும் பித்தளைத் தூளும் போல்ட்டுக்குப் பின்பக்கத்தால் வந்தன. லெஸ்ஸின் வலது கண் போய்விட்டது.

கமிட்டி கூடியது. நீண்ட மேசையில் கொலின் அந்த ஒரு பக்கத் தாளை எடுத்து வைத்தார்.

"நாங்கள் கருவியை நம்பினோம். கருவியை நம்பச் சொன்னவர் இவர்."

விக்னராஜா எழுந்தான். வீட்டிலிருந்து வரும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருந்தான். "கருவி ஏழு வீதம் குறைத்துக் காட்டுகிறது. மே மாதமே எனக்குத் தெரியும். கொலினிடமும் சொன்னேன்."

"என்னிடமா?" கொலின் மற்றவர்களைப் பார்த்தார். "எப்போது? யாருக்கு முன்னால்?"

கன்ரீனில் அன்று பக்கத்து மேசையில்கூட ஆள் இருக்கவில்லை. கடைக்குத் திரும்பிப்போன மற்ற இரண்டு கருவிகளும் மே மாதம் காட்டிய எண்களை அவன் கேட்டான். எழுதி வைத்தவர் யாருமில்லை. கை தட்டியவர்கள் சிவப்பு எண்ணை மாத்திரம் நினைவில் வைத்திருந்தார்கள். செயலாளர் பேனாவை எடுத்து, 'கருவி பிழையென்று தெரிந்தும் மறைத்ததாக அவரே ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். அது உண்மை. அதற்குமேல் அவர் ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு நாளில் கதை தொழிற்சாலைக்கு வந்தது. மனேஜர் சத்தம் போடவில்லை. "மீட்டர் பார்க்கிற ஆளின் கையெழுத்தை நான் நம்பவேண்டும்" என்றார். திங்கட்கிழமை விக்னராஜா திரும்ப வால்வு வரிசையில் நின்றான்.

அன்று வீட்டில் அவன் வாய் தவறியது. "நீர்தானே தலையை ஆட்டச் சொன்னனீர்."

யோகராணி கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "ஓம், சொன்னனான். பெருமைக்காரன்ர எண் எண்டு நினைச்சுச் சொன்னனான். அது ஒருத்தன்ர மூஞ்சையில வெடிக்கும் எண்டு நீங்கள் எனக்குச் சொல்லேல்லை." ஈரக் கையோடு அவனைப் பார்த்தாள். "ஏன் சொல்லேல்லை?"

சொல்லியிருந்தால் அவள் எழுத விட்டிருக்க மாட்டாள் என்பது அவனுக்கு அன்றைக்கே தெரியும்.

சனிக்கிழமை லெஸ்ஸின் வீட்டுக்கு நடந்து போனான். கிழவர் வாசலில் நின்று, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முகத்தின் ஒரு பக்கம் துணிக்கட்டு.

"நான் மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றான்.

"கொலினும் வந்தான். பூக்கொத்து கொண்டுவந்தான்." லெஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கொலின் ஒரு மடையன். தான் நிரப்பிய தோட்டாவைத் தானும்தான் சுட்டான். அவனுக்குத் தெரியாது."

"நான் அவரிடம் சொன்னேன், லெஸ்."

"சொல்லியிருப்பீர். நம்புகிறேன்." துணிக்கட்டை ஒரு விரலால் தொட்டுச் சரிசெய்தார். "ஏழு ஞாயிறு உம்மை என்னுடைய காரில் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகும் எத்தனை ஞாயிறு உம்முடைய வாசலில் வந்து நின்றேன். எனக்குச் சொல்லவில்லையே."

லெஸ் கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக, பூட்டு விழுகிற சத்தம் மாத்திரம் கேட்கச் சாத்தினார்.

அடுத்த திங்கள் காலை ஏழு மணிக்கு வரிசை ஓடத் தொடங்கியது. கொலின் கையில் அட்டையோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவனருகில் வந்ததும் வழக்கம்போல, "குட் மோர்னிங், விக்" என்றார்.

கொலின் பதிலை எதிர்பார்த்து அங்கேயே நின்றார். விக்னராஜா வால்வைக் கையில் எடுத்துக்கொண்டு, "குட் மோர்னிங்" என்றான்.