முதுகைக் காட்டிய அட்டைப்படம்

பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் கிடந்த ஃபேஷன் பத்திரிகையின் அட்டைப்படப் பெண், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பி முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் வலி அவரவருக்கு. டாக்டர் மட்டும், "காசு குடுத்து வாங்கினவனுக்கு மூஞ்சியைக் காட்ட மாட்டாளாமா?" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். டோக்கன் கொடுக்கும் பெண்தான் குனிந்து உற்றுப் பார்த்தாள். முன்னால் உடம்போடு சேர்த்து வார்த்ததுபோல் தெரிந்த கவுனைப் பின்னால் கழுத்திலிருந்து இடுப்புவரை துணி காயப்போடும் கிளிப்புகள்தான் இழுத்துப் பிடித்திருந்தன.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து வருஷக்கணக்கில் உடை வரைந்து, தைத்து, 'இவங்களுக்கு நிக்கிற மாதிரி நம்மது நிக்கலையே' என்று அழுது, அத்தனையையும் அடுப்படிக்குக் கரித்துணியாக்கியவள் அவள். அவ்வளவு நேர்த்தியான கரித்துணி அந்தத் தெருவில் வேறெந்த வீட்டிலும் கிடையாது. அம்மாவோ, "படம் பாத்துப் பொழைச்சவங்க யாருடி? ஒழுங்கா மாமாவோட இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல சேர்ற வழியைப் பாரு" என்று மாசக் கடைசிவரை கெடு வைத்திருந்தாள்.

"இந்த எழவெடுத்த கிளிப்பைக் கழட்டி விடேன்மா, மூச்சு முட்டுது" என்றாள் அட்டைப்படப் பெண். கழற்றியதும் கவுன் சாக்குப்பை மாதிரி தொளதொளவென்று தொங்கியது. "அட, இவ்வளவுதானா நீங்க!" என்று டோக்கன் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பல்வலிக்காரர்களுக்குக் கோபம் வந்தது. அவள் காகிதம் கிழியாமல் ஊசியை உள்ளே விட்டு, பக்கத் தையலைப் பிரித்து, அளவாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். விஷயம் பரவி, மேஜையில் கிடந்த பழைய இதழ்களின் பெண்களெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வரிசை கட்டினார்கள். தைத்து வாங்கியவர்கள் குனிந்தார்கள், கொட்டாவி விட்டார்கள், கால் வலிக்கிறது என்று ஓரமாக உட்கார்ந்தும் கொண்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. நம்ம கையில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது.

மாசக் கடைசியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கென்று கிளம்பியவள், நேரே அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் உடைப் பிரிவில் வேலை கேட்டாள். ஆசிரியை ஒரு மாடலை நிறுத்தி, இவள் கையில் ஒரு டப்பா கிளிப்பைத் திணித்தார். இவள் டப்பாவை வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

"ரெண்டு நிமிஷ வேலைக்கு ஊசி எதுக்கு? பின்னாடி எவன் பாக்கப் போறான்?" என்று எகிறினார் ஆசிரியை.

போன மாசமாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடியிருப்பாள். "கிளிப் போட்டா திரும்பிக்கிறாங்க மேடம். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

அட்டைப்படம் முதுகைக் காட்டுகிறது என்று வந்த புகார்களுக்காக ஆசிரியை அதுவரை மூன்று அச்சகங்களை மாற்றியிருந்தார். "நாளையிலேர்ந்து வந்துடு" என்றவர், கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் கோட்டின் முதுகையும் காட்டி நின்றார்.

அவள் பெயர் அச்சான முதல் இதழை அம்மா கடையில் காசு கொடுத்து வாங்கினாள். வீட்டில் பிரித்தால், மகள் உடையமைத்த பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் இருந்தது, ஆளைக் காணோம். "பாத்தியாக்கா, உம் பொண்ணு கிழிச்ச கிழிய!" என்று மாமா துள்ளினார்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "மத்தியானம் ஆச்சேடா, சாப்பிடப் போயிருப்பா. எம் பொண்ணு தைச்சதைப் போட்டுக்கிட்டு வயிறு முட்டச் சாப்பிடலாம், தெரியுமா?" என்றவள், வருகிறவளுக்கு வழி வேண்டுமே என்று பத்திரிகையை மூடாமல் விரித்து வைத்துவிட்டு, மாமாவுக்குத் தட்டு எடுக்கப் போனாள்.