அப்பாவிடம் வெல்ஷில் ஒரு பேரம்

அப்பா என்னிடம் வெல்ஷ் மொழியில் ஒரு வாக்கியம் பேசுவதற்கு விலை இருபத்தேழாயிரம் பவுண்டு. மூன்று வருஷக் கல்லூரிக் கட்டணம் அது. விடுதி வாடகை தனி. நான் சந்தையில் வளர்ந்தவள். முதலில் சொல்லும் விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்து போகத் தெரியும். இதைக் கேட்டு மட்டும் நகர முடியவில்லை.

என் அப்பா இட்வல் செம்மறி வியாபாரி. ஆட்டோடும் நாயோடும் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் எல்லாரோடும் அவருக்கு வெல்ஷ்தான். அம்மா பிரிஸ்டலில் பிறந்த ஆங்கிலேயப் பெண் என்பதால் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம். நான் பிறந்ததும் என்னை மேசைப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். எங்கள் வெல்ஷ் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. ஒருவரோடு முதன்முதலில் எந்த மொழியில் பேசினார்களோ, சாகும்வரை அதுதான். நடுவில் மாற்றினால் அடுத்தவருடைய பல்செட்டை மாட்டிக்கொண்ட மாதிரி கூசுவார்கள்.

"நாய்கிட்ட பேசறீங்க, என்கிட்ட பேசக்கூடாதா?" என்று சின்ன வயதில் ஒருமுறை சண்டை போட்டேன்.

"நாய்க்கு இங்கிலீஷ் தெரியாதே, கண்ணு" என்றார்.

வெல்ஷ் படிக்கவென்றே நான் சேர்ந்த அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் என்னைப் போல அதை இரண்டாம் மொழியாகப் படித்து வந்தவர்களுக்குத் தனி வகுப்பு. ஜன்னலுக்குக் கீழே கடல். சாயங்காலம் ஆனால் கடலுக்குள் நீளும் பாலத்தின் மேல் மைனா இனத்து ஸ்டார்லிங் பறவைக் கூட்டம் கறுப்புத் துணியை உதறியது போல எழுந்து, மடிந்து, விரிந்து, கடைசியில் பாலத்துக்கு அடியில் போய் அடங்கும். அன்று படித்த சொற்களும் அதே நேரத்தில்தான் எனக்குள் வந்து அடையும். காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் பறந்திருக்கும்.

பக்கத்து அறை மாரெட் வடக்கிலிருந்து வந்தவள், பிறந்ததிலிருந்தே வெல்ஷ் பேசுபவள். என்னோடு ஆங்கிலம் பேசுவதில்லை என்று முதல் நாளே சபதம் எடுத்துக்கொண்டவள். ரொட்டிக்கடையில் நான் வெல்ஷில் கேட்டு, ஒரு சொல்லுக்குத் தடுமாறி, கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் பதில் வாங்கிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் சிரிப்பாள்.

"நீ மூச்சு வாங்கறதுக்குள்ள இங்கிலீஷுக்குத் தாவிட்டாரா? அது பாசம்டி. பாவம், இந்தப் பொண்ணு கஷ்டப்படுதேன்னு."

"அந்தப் பாசம்தாண்டி என்னைக் கொல்லுது."

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் போன் செய்து, வெல்ஷில் தயார் செய்து வைத்ததை ஒப்பிப்பேன். கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு ஆங்கிலத்தில், "நல்லாப் பேசறியே. இரு, அம்மாகிட்ட தரேன்" என்பார். ஒருநாள் அம்மாவிடம் கொடுக்கவில்லை. அவரே பேசினார், ஆங்கிலத்தில்தான்.

"கோச்சுக்காதே நெஸ்டா. உன்கிட்ட அதுல பேசினா, வேற யாரோ பெத்த பொண்ணுகிட்ட பேசற மாதிரி இருக்கு."

அன்றிரவு கனவில் அப்பா மந்தையைக் கடல்மேல் ஓட்டிக்கொண்டு போனார். அலைகள் புல்லாக இருந்தன. நடந்துகொண்டே என்னிடம் வெல்ஷில் என்னென்னவோ சொன்னார்; எல்லாம் புரிந்தது. நான் பதில் சொன்னால் வாயிலிருந்து பனிப்புகை போல வந்தது, பிழையே இல்லாமல். விழித்தபோது ஒரு சொல்கூடக் கையில் இல்லை. கனவுச் சரக்கை எந்தச் சந்தையிலும் இறக்க முடியாது.

ஆனால் ஒன்று தெளிந்தது. அப்பாவால் வெல்ஷை விடவே முடியாத இடங்கள் இரண்டு: ஜெபக்கூடம், கிடாய்ச் சந்தை. கடவுளாவதற்கு எனக்குத் தகுதி போதாது. வாங்குபவளாக முயலலாம்.

அக்டோபரில் கிடாய்ச் சந்தை. கோடை முழுதும் ஐஸ்கிரீம் விற்ற சம்பளத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். மூடுபனியில் சந்தையையே காணவில்லை. ஆட்டின் வாசனையும் மனிதக் குரல்களும் மட்டும் மிதந்தன. ஆடுகளை அடைத்திருந்த தட்டிகளுக்கு நடுவே நடந்தபோது அந்தக் கனவுக்குள்ளேயே திரும்பிப் போவது போல இருந்தது. அப்பா தன் தட்டியில் சாய்ந்து நின்றார். உள்ளே ஒரே ஒரு கிடாய் மிச்சம். சுற்றிலும் நாலைந்து விவசாயிகள்.

"அடடே, சொல்லாம கொள்ளாம வந்திருக்கே! டீ குடிச்சியா?" என்றார் ஆங்கிலத்தில்.

நான் மகளாகவே நிற்கவில்லை. தட்டிக்குள் நுழைந்து கிடாயின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தேன், முதுகை அழுத்திப் பார்த்தேன். வெல்ஷில் கேட்டேன்: "இந்தக் கிழவன் என்ன விலை?"

யாரோ சிரித்தார்கள். அப்பா ஆங்கிலத்தில், "விளையாடாதே, ஆளுங்க இருக்காங்க" என்றார்.

ஆட்கள் இருந்ததுதான் என் கைமுதல். வெல்ஷில் இன்னும் உரக்கச் சொன்னேன்: "பின்னங்காலைப் பாருங்க ஐயா. இது வண்டி வரைக்கும் நடந்து வருமா, நான் தூக்கிட்டுப் போகணுமா?"

பெத்த பெண்ணே ஆனாலும், நாலு பேர் எதிரில் சரக்கைப் பழித்தால் எந்த வியாபாரி பொறுப்பான்? பழி அந்த நாலு பேருக்கும் புரிந்த மொழியில் விழுந்திருக்கிறது. பதிலும் அதிலேதான் விழ வேண்டும்.

"காலைக் குறை சொல்றியா?" அப்பா வெல்ஷில் வெடித்தார். "இந்தக் காலுக்கு மலை வழி விடும்! நானூறு. ஒரு பென்னி குறையாது."

"இருநூத்தம்பது. அதுவும் உங்க முகத்துக்காக."

"என் முகத்துக்கா? இந்த மூக்கையும் தாடையையும் யார்கிட்டேயிருந்து வாங்கினே நீ? அதுக்கு இன்னும் காசு வரலையே எனக்கு!"

சுற்றி நின்றவர்கள் தட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் முறைப்படி முதுகைக் காட்டி நடந்தேன். அவர் முறைப்படி கூப்பிட்டார். முந்நூற்றைம்பதுக்கு இறங்கினார். நான் முந்நூற்றுக்கு மேல் ஒரு தொகை சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. தொண்டையில் வெறும் பனி.

இந்த இடைவெளியில்தான் எல்லாரும் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். கடைக்காரர், பஸ் ஓட்டுநர், எல்லாரும். அப்பா வாயைத் திறப்பதைப் பார்த்தேன். போயிற்று என்று நினைத்தேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். தட்டியில் இரண்டு கையையும் ஊன்றி, எனக்காகக் காத்திருந்தார். கிடாய் ஒரு முறை தும்மியது. பனி எங்கள் இருவருக்கும் நடுவில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லை, இந்தச் சந்தை நாளைக்கும் இருக்கும் என்பது போல நின்றார்.

"முந்நூத்தி... இருபது" என்றேன்.

ஒரு விவசாயி எங்கள் இருவர் கையையும் பிடித்து ஓங்கி அறைந்து சேர்த்துவைத்தார். பேரம் முடிந்தது. பணத்தை எண்ணி வாங்கிய அப்பா, வழக்கப்படி அதிர்ஷ்டக்காசாக ஒரு இருபது பவுண்டு நோட்டைத் திருப்பி என் உள்ளங்கையில் அழுத்தினார்.

"சரி, இவனை எங்க கட்டப்போறே? ஹாஸ்டல்லயா?" என்றார், வெல்ஷிலேயே.

"உங்க கொட்டகையிலதான். வாடகை பேசிக்கலாம்."

"வாடகையா? தீனிச் செலவைக் கேட்டா நீ படிப்பை விட்டுடுவே!"

கிடாயை அப்பாவின் வண்டிக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சாலை தெரியவில்லை, வேலிகள் வந்து கரைந்தன. அப்பா பேசிக்கொண்டே ஓட்டினார், தன் முதல் கிடாயைப் பற்றி, அதை விற்றுவிட்டு அழுததைப் பற்றி. தான் அழுததாக அவர் ஆங்கிலத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. பாதிதான் புரிந்தது, குறுக்கே கேட்கவில்லை. ஆற்றுப்பாலம் தாண்டியதும் பனி விலகி எங்கள் வீட்டு ஜன்னல் தெரிந்தது, அதில் அம்மாவும்.

"நீ எவ்வளவு குடுத்தேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றார் ஆங்கிலத்தில்.

ஆக, அன்றைய கணக்கு: கிடாய் ஒன்று, வரவு. அதிர்ஷ்டக்காசு இருபது பவுண்டு, வரவு. சந்தையிலிருந்து பாலம் வரை வெல்ஷ், வரவு. பாலத்திலிருந்து வீடு வரை, அப்பா பெயரில் பாக்கி.