ஒரு பிளேடு கனம்

பதினேழு மிதியா பதினெட்டு மிதியா, எண்ணுவதை விட்டுவிட்டேன், கெண்டைக்கால் கடுக்கிறது, இந்தச் சனியன் பிடித்த வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு மறுபடியும் அணைந்துபோகிறது, பத்து மணிக்கு ஸ்ரீவத்சன் வந்துவிடுவார், ஆழ்வார்திருநகரியில் பஸ் ஏறிவிட்டேன் என்று போன் வேறு பண்ணிவிட்டார், பாவம், வாத்தியார் வேலை பார்க்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையானால் தேரிக்காட்டுச் செம்மணலில் இந்த டர்ட் பைக்கைத் துள்ளவிட்டு ஓட்டவேண்டும் அவருக்கு. நேற்று அவர் கண் முன்னாலேயே ஐந்து நிமிஷத்தில் இஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகிற பைப் செக்கச்செவேலென்று பழுத்துவிட்டது, இதில் தோசை சுடலாமே அண்ணாச்சி என்றார், கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள், எனக்கு எங்கேயோ ஏறிவிட்டது, ஏறினது இறங்க ஆள் வேண்டுமே, பக்கத்தில் கிங்ஸ்டன் நின்றான்.

"ஏலே, ஒரு கார்பரேட்டர ஒழுங்கா மாட்டத் தெரியாத ஒனக்கெல்லாம் எதுக்குலே ஸ்பேனரு?"

பன்னிரண்டு வருஷமாக உடன்குடியில் இதே கடையில் என்னோடு நிற்கிறவன், பிள்ளைகுட்டிக்காரன், அவனைப் பார்த்துக் கேட்டேன். அவன் கையை விரல் விரலாகத் துடைத்தான், மணப்பாடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான், இன்று இன்னும் வரவில்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் வேலைக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்று மதியத்துக்குள் பதில் சொல்லவேண்டுமாம், போன வாரம், நான் எங்க போகப்போறேன் அண்ணாச்சி என்று சிரித்தவன், இனி ஏன் சிரிக்கப்போகிறான்? அவன் போனால் கடை... கடை கிடக்கட்டும், மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், அவன் வீட்டு மீன்குழம்பும் என் வீட்டுப் புளிக்குழம்பும் பாதிப் பாதி என்று பன்னிரண்டு வருஷம்...

சரி, வண்டியைப் பார். கிங்ஸ்டன் மாட்டின கார்பரேட்டரை நேற்று சாயங்காலமே நான் பிரித்தேன், அவன் தப்பைக் கண்டுபிடித்தே தீருவது என்று பிரித்தேன், பெட்ரோல் போகிற ஜெட் ஓட்டையில் ஊதினால் காற்று தடையில்லாமல் போகிறது, பூட்டியதில் ஒரு குறையும் இல்லை, குறை இல்லையே என்று எனக்கு எரிச்சல், இது என்ன கிறுக்கு எரிச்சல்? பிளக் புதுசு. ரப்பர் இணைப்பில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று சோப்புத்தண்ணீர் கூட அடித்தாயிற்று, இல்லை. பெட்ரோல்? வடிகட்டி மாற்றியாயிற்று, அதே கதைதான். அப்புறம் எதற்கு இவ்வளவு சூடு, எதற்கு இந்த அடம்? நேற்று சூட்டோடு மிதிக்கும்போது கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் பொத்தென்று கீழே போனதே... அமுக்கம் இல்லை. அமுக்கம் இல்லையென்றால் உள்ளே ஏதோ வால்வு முழுசாக மூடவில்லை, மூடாவிட்டால் நெருப்பு நேரே பைப்புக்குத்தான் போகும், ஐயோ, வால்வு. போன வாரம் டேப்பெட் வைத்தது யார்?

நான்தான். வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கிற டேப்பெட்டுக்கும் நடுவில் ஒரு ஷேவிங் பிளேடு லேசாகப் பிடித்துப் பிடித்துப் போய்வந்தால் சரி, இதுதான் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளின் அளவு, இருபத்திரண்டு வருஷமாக எத்தனை ஆயிரம் வண்டிக்கு அப்படி வைத்திருப்பேன், ஒரு வண்டி திரும்பி வந்ததுண்டா? ரோட்டு வண்டி அளவு இதுக்குச் சரிப்படுமா அண்ணாச்சி, போன்ல ஒருக்க பாத்துருவமா என்றான் கிங்ஸ்டன், நீ டவுசர் போட்ட காலத்துலயே நான் டேப்பெட் வச்சவன்லே என்றேன், நாலே வயசு இளையவனிடம். இப்போது போனில் பார்க்கிறேன், இந்த வண்டிக்குக் கிட்டத்தட்ட இரண்டு பிளேடு கனம் வேண்டும் என்று போட்டிருக்கிறது, இரண்டு, நான் வைத்தது ஒன்று, சூட்டில் இரும்பு விரிந்ததும் அந்த இடைவெளி அடைபட்டு வால்வு மூடாமல் நின்றிருக்கிறது. கோபமா வெட்கமா, எதுவென்று தெரியவில்லை எனக்கு. மூடியைத் திறந்து இரண்டு பிளேடைச் சேர்த்து வைத்து இறுக்குகிறேன், ராத்திரியெல்லாம் நின்று ஆறின இஞ்சின், அளவு சரியாக உட்கார்கிறது. இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், பைப் கறுப்பாகவே இருக்கிறது, சந்தோஷப்படவேண்டியதுதானே, மணப்பாடு பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்கிறேன்.

ஸ்ரீவத்சன் வந்தார், சத்தத்தைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு, "கிங்ஸ்டன்தான் கோட்டை விட்டுட்டானா?" என்றார். இல்லை சார், நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், தலை மட்டும் ஆமாமுமில்லாமல் இல்லையுமில்லாமல் ஓர் ஆட்டம் ஆடியது, அவர் தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து போன், அவனேதான்.

"அண்ணாச்சி, வண்டி என்னாச்சு? ராத்திரி முச்சூடும் அதே யோசன. கார்பரேட்டர்ல ஒண்ணுமில்ல, டேப்பெட்ட ஒருக்க பாருங்களேன்."

துறைமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நேற்றைப் பற்றியும் இல்லை, வண்டியைக் கேட்கிறான். இருலே வாரேன் என்று போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்தேன், சொல்லிவிடவேண்டும், தப்பு என்னுதுலே, நீ எங்கேயும் போகாதே என்று சொல்லிவிடவேண்டும், கருப்பட்டிக் கடையைத் தாண்டினேன், பஸ் நிறுத்தத்தையும் தாண்டினேன், திரும்பிப் பார்த்தால் கடை வாசலில் ஸ்ரீவத்சன் சின்னதாகத் தெரிகிறார், அங்கிருந்து ஒன்றும் கேட்காது, இங்கே வைத்துச் சொல்லலாம்... நேற்று நாலு பேர் முன்னால் அவனைத் திட்டும்போது மட்டும் ஓரடிகூடத் தள்ளிப்போகத் தோன்றவில்லையே எனக்கு.