தண்ணீர் இறங்கும் நேரம்

பென்னிங்ஃபோர்ட் ஊரின் சரித்திரத்தில் பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை. ஒரு ராஜா தலை தப்பினால் போதும் என்று அந்த வழியாக ஓடியிருக்கிறார். துரத்தி வந்தவர்களுக்கு ஊரார் ஆளுக்கொரு திசையைக் காட்டிவிட்டு, இரண்டு தரப்புக்கும் பீர் விற்றார்கள். ஒரு வெள்ளத்தில் தேவாலயத்து பெஞ்சுகள் மிதந்து அடுத்த ஊருக்குப் போயின. அந்த ஊர்க்காரர்கள் இரக்கமுள்ளவர்கள். பென்னிங்ஃபோர்ட் பாதிரியாரின் பிரசங்கம் எவ்வளவு நீளம் என்று கேள்விப்பட்டிருந்ததால், பெஞ்சுகளுக்கு மெத்தை தைத்துத் திருப்பி அனுப்பினார்கள். நம்பாதவர்கள் போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

மற்றபடி ஊருக்கென்று இருந்தது மதகுதான். ஆறு அங்கே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் சட்டென்று தாழ்கிறது. கீழே போகிற படகு மேல்கதவு வழியாகக் கல் தொட்டிக்குள் வந்து நிற்கும். மதகுக்காரர் கீழ்க்கதவின் துவாரத்தை, அதாவது கீழ்க்கண்ணைத் திறந்து தண்ணீரை வடிப்பார். படகு தண்ணீரோடு இறங்கி, கீழ்க்கதவு வழியாகப் போய்விடும். மேலே ஏறுவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். மற்ற ஊர்களில் இது ஒரு குவளை டீ குடிக்கிற நேரம். பென்னிங்ஃபோர்ட்டிலோ, தொட்டிக்குள் காயாக நுழைந்த தக்காளி பழுத்துத்தான் வெளியே போகும். தினமும் அப்படி இல்லை. வருஷத்தில் இரண்டே நாள், ஐவி பெட்டிஃபரின் படகு வருகிற நாட்களில் மட்டும்.

ஐவி கணவனை இழந்தவள். மே மாதம் ஆற்றின் முகத்துவாரத்தில் தங்கை நடத்தும் விடுதிக்குச் சமைக்கப் போவாள். செப்டம்பரில் தன் ஊருக்குத் திரும்புவாள். மதகுக்காரர் ஹோரஸ் டட்ரிட்ஜ் கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர். செப்டம்பரில் தொட்டி நிரம்ப நிரம்ப, முதலில் அவளுடைய வைக்கோல் தொப்பி தெரியும், பிறகு நெற்றி, பிறகு முகம். கடைசியில் அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டவள் போல எதிரே நிற்பாள். மே மாதத்தில் எல்லாம் தலைகீழ். முகம் போகும், நெற்றி போகும், கடைசியாகத் தொப்பி.

அதனால் மதகுக்கண்ணை ஒரு விரல் அளவுக்குத்தான் திறப்பார். கல் பழசு, மெல்லத்தான் வடிக்க வேண்டும் என்று காரணம் சொல்வார். இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள், அவருடைய அவரைப் பந்தலைப் பற்றி, தங்கை வீட்டில் தங்க வந்த குறட்டைக்காரர்களைப் பற்றிப் பேசுவார்கள். குளிர்காலம் முழுக்க அவர் அந்தப் பந்தலிடம் சொல்லிப் பழகிய வார்த்தைகள் வேறு. ஆனால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் தொப்பி, தொட்டியின் விளிம்புக்குக் கீழே போய்விடும். அப்படிப்பட்ட விஷயத்தைக் குழிக்குள் குனிந்து கத்தவா முடியும்?

பதினைந்து வருஷம் இப்படியே போயிற்று. அந்த மே மாதம் அவர் மேல்கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போதே ஐவி சொல்லிவிட்டாள். படகை விற்றாயிற்றாம். முகத்துவாரத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். தங்கை மாடியில் ஓர் அறை ஒழித்துத் தந்திருக்கிறாளாம். செப்டம்பரில் வர மாட்டாளாம். சொல்லிக்கொண்டே படகின் கயிற்றைக் கரைக் கட்டையில் போட்டாள்.

கீழ்க்கதவுக்கு வெளியே ஊர் பேண்டு வாத்தியக் குழு ஒரு பெரிய படகில் காத்திருந்தது. ஆற்றின் மேற்பக்கத்து ஊரில் வாத்தியப் போட்டி. இந்தத் தொட்டி வடிந்தால்தான் அவர்கள் உள்ளே வர முடியும். கசாப்புக்கடை பெர்சி, பெரிய முரசுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"என்னப்பா ஹோரஸ், தண்ணிய வடிக்கிறியா, இல்ல நக்கிக் குடிக்கிறியா?"

 ஹோரஸ் வழக்கம்போல் ஒரு விரல் அளவு திறந்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். இனி இந்தத் தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் அதில் அந்தத் தொப்பி வராது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. வாயைத் திறந்தார். மழை வரும் போலிருக்கிறது என்றார்.

ஒரு சாண் இறங்கியிருக்கும். கிறீச்சென்று சத்தம் கேட்டது. படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது, பின்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு விறைத்துக்கொண்டிருந்தது.

கீழே இறங்கும்போது யாரும் கயிற்றை முடிச்சுப்போட மாட்டார்கள். கட்டையைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுப்பார்கள். முடிச்சுப்போட்டால் படகு கொடியில் காயும் துணி மாதிரி தொங்கும். அந்தத் தப்பைச் செய்கிறவர்கள், விடுமுறைக்கு லண்டனிலிருந்து வந்து முதல் தடவை படகு ஓட்டுகிறவர்கள்தான். ஹோரஸ் கட்டையைப் பார்த்தார். முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கும் மேல் ஒரு முடிச்சு.

கீழ்க்கண்ணை அடைத்துவிட்டு ஓடிப்போய் மேல்கண்ணை முழுசாகத் திறந்தார். பென்னிங்ஃபோர்ட் மதகில் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க வாத்துகள் குடும்பத்தோடு வந்தன. படகு நிமிர்ந்தது. ஐவியின் முகம் மறுபடியும் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"கயித்தக் கட்டிட்டீங்களே, மிசஸ் பெட்டிஃபர்."

"தெரியும்."

"எறங்கும்போது கட்டக் கூடாது."

"அதுவும் தெரியும், மிஸ்டர் டட்ரிட்ஜ். நான் படகுலயே பொறந்தவ."

ஹோரஸ் முடிச்சைப் பார்த்தார். குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கீழே பெர்சி ஏதோ கேட்டான். பிறகு யாரோ கோபத்தில் ஒரு குழலை ஊதினார்கள்.

"மேல்கதவும் தெறக்கும்," என்றார் ஹோரஸ்.

"கதவுன்னா தெறக்கும்தான்."

"இல்ல... வந்த வழியாவே போலாம்னு சொல்ல வந்தேன். என் தோட்டத்தோரம் நிறுத்த எடம் இருக்கு. இன்னைக்கு மட்டும்னு இல்ல."

ஐவி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "படகு வித்தாச்சே."

"வாங்கினவர் இங்க வந்து எடுத்துக்கட்டும். படகத்தானே வித்தீங்க."

அவள் வெகுநேரம் தொப்பியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "திருப்பக்கூட எடமில்ல. பின்னாலயே போகணும். பேண்டுக்காரங்க பூரா பாத்துட்டு நிப்பாங்க."

"அவங்க கீழ இருக்காங்க. அவங்களுக்குக் கதவுதான் தெரியும்."

பேண்டுக்காரர்கள் போட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது நடுவர் வீட்டுக்குக் கிளம்பக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். அவரை மறுபடி உட்காரவைத்து வாசித்து மூன்றாம் பரிசு வாங்கினார்கள். கலந்துகொண்டவை மூன்று குழுக்கள்.

அதற்கெல்லாம் முன்பே, ஹோரஸ் மேல்கதவைத் திறந்து, மூன்று முடிச்சையும் அவிழ்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையோரம் நடந்தார். படகு பின்பக்கமாக அவரோடு வந்தது. தோட்டத்தோரம் நிறுத்திக் கட்டிவிட்டு, எதிரே வந்து நின்றார்.  பழக்கதோஷத்தில் கண் படகோரத்துத் தண்ணீருக்குப் போயிற்று, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க.

"பேசுங்க ஹோரஸ்," என்றாள் ஐவி. "இங்க எறங்காது."