பலாமரத்தில் குடியிருந்தவர்கள்

அருமனையில் பகவதியப்பன் வீட்டு முகப்பை அந்த வருடம் தாங்கி நின்றவை தூண்கள் அல்ல, கரையான்கள். மரத்தூண் இரண்டும் உள்ளுக்குள் மாவாகி வெகுநாளாயிற்று. கரையான்கள் கைகோத்து நின்று கூரையைப் பிடித்திருந்தன. அதுகளுக்குத் தும்மல் வருவதற்குள் தூணை மாற்றுங்கள் என்று மனைவி செல்லக்கனி சொல்லாத நாள் கிடையாது.

அவள் தங்கை மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகக் குலசேகரம் போனாள். திரும்பி வருவதற்குள் தூணுக்கு நல்ல மரத்தடி பார்த்து அவளை அசத்திவிட வேண்டும் என்று பகவதியப்பன் தாணுமாலயன் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு குழித்துறைத் தடிக்கடைக்குப் போனார். தேக்கில் வளைவு இருந்தது. அயினித்தடி ஒன்று கண்ணுக்கு நிறைந்தது. காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். உள்ளே இருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த ஆசாரி, வீட்டைச் சுற்றிய புரையிடத்தில் நின்ற பலாவைக் கட்டிப் பிடித்துப் பார்த்தார். வளைவில்லை, வைரம் பாய்ந்த மரம். இதை விட்டுவிட்டா ஊர் சுற்றினோம் என்றார்.

செல்லக்கனி கல்யாணமாகி வரும்போது சிதறாலில் இருந்த தாய் வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்த கொட்டையில் முளைத்த மரம் அது. அந்த வீடு இடிந்து, இன்று அங்கே ரப்பர் நிற்கிறது. இந்தப் பலாவில் ஒரு பழம் வெட்டினால் அன்றைக்குக் குழித்துறைச் சந்தையில் ஒரு ஈ இருக்காது.

மரம் வெட்டுமுன் அதில் குடியிருப்பவர்களிடம் உத்தரவு கேட்பது முறை. பகவதியப்பன் முறை தவறாதவர். முந்தின நாள் அந்தியில் வெற்றிலை பாக்கு வைத்து, காகம், அணில், கண்ணில் படாதவர்கள் எல்லோரும் தயவுசெய்து வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கும்பிட்டார். காகங்கள் அப்போதே கிளம்பின. யட்சி ஒருத்தி மட்டும் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வீட்டுப் பனைக்கு மாறினாள். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் பகவதியப்பனோடு பேசுவதில்லை.

"எல்லாரிட்டயும் கேட்டாச்சா?" என்றார் ஆசாரி, கோடாலியை எடுக்குமுன்.

"ஒருத்தரையும் விடல்ல."

மரம் விழுந்தது. பச்சைத்தடி காய்ந்த பிறகுதான் தூணாகும் என்று ஆசாரி அதை நிழலில் அடுக்கிவிட்டுப் போனார். ஆகவே செல்லக்கனி வந்தபோது புதுத்தூணைப் பார்க்கவில்லை. பழைய தூணும், பலா நின்ற இடத்தில் வெட்டின அடிக்குற்றியும்தான் இருந்தன. குற்றியில் பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. அவள் பையைக் கீழே வைக்காமல் நின்றாள். பகவதியப்பன் பெருமையோடு, முறை ஒன்றும் தவறவில்லை என்று ஒவ்வொருவரிடமும் உத்தரவு கேட்ட கதையைச் சொன்னார்.

"காக்காயிட்ட கேட்டிய. யட்சியிட்ட கேட்டிய," என்றாள் அவள். "எனக்க தாய் வீடுன்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்லியே."

அடுத்த வருடம் தூண்கள் நின்றன. பொன் நிறம், தட்டினால் மணிச்சத்தம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முகப்பு வழியே ஏறி, தூணைத் தடவி, உள்ளே போனார்கள். செல்லக்கனி மட்டும் சுற்றிக்கொண்டு அடுக்களை வாசல் வழியாகவே வந்தாள்.

ஒரு நாள் அந்தியில் பகவதியப்பன் அடுக்களைப் படியில் வெற்றிலை பாக்கு வைத்து, தலைகுனிந்து நின்றார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கும் காலம் போய்விட்டிருந்தது.

அவள் வெளியே வந்து பார்த்தாள். வெற்றிலையை வீணாக்கக்கூடாது என்று எடுத்துச் சுண்ணாம்பு தடவி, மென்றாள். மறுநாளும் அடுக்களை வழியாகத்தான் வந்தாள்.