வெறும் வண்டி

…ஒன்பது பட்டை போதும், இல்லை ஏழு, ஏழுகூட எதற்கு, ஆறு… என்று ஜம்புலிங்கம் மனசுக்குள்ளேயே ஏலம் விட்டுக்கொண்டிருந்தான். எதிரே மண்ணில் வரிசையாகக் கிடந்தன லாரியின் பின்னச்சைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகள், பெரியது, அதற்குச் சின்னது, அதற்கும் சின்னது என்று. சண்டை முடிந்து ஆவடி டிப்போவில் மிலிட்டரிக்காரர்கள் கழித்துப்போட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து பூந்தமல்லியில் தன் கொட்டகை நிறையக் குவித்து வைத்திருந்தார் உஸ்மான் கனி. டயர் என்றால் டயர், அப்படியொரு டயர், ஒன்றின் மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு. ஒரே ஒரு டயருக்குப் பர்மிட் கேட்டு மூன்று மாசம் ஆபீஸ் வாசலில் நின்றவன் இவன், மனுவை மாற்றி எழுது, முத்திரை சரியில்லை, நாளைக்கு வா… இப்போது பார்த்தால் டயர் குழிக்குள் பூனை குட்டி போட்டுவிட்டுச் சுகமாகப் படுத்திருக்கிறது. எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, பதினாலு மாசம் கழித்து. வேண்டிய நேரத்தில் எது வந்தது அவனுக்கு? அந்தப் பூனைக்கு இருக்கிற யோகம்கூட தன் பெண்டாட்டி அன்னத்துக்கு இல்லையே என்று நினைத்தான். சீ, எதை எதோடு வைத்து நினைக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"இன்னாபா ஜம்பு, கல்லு அடிக்கிற வண்டிக்கு ஆறு பட்டை கேக்குறே? சூளைக்காரன் சிரிப்பான். இத்தப் பாரு, மிலிட்டரி பட்டை, பதினொண்ணு கீது. மூணு டன்னு ஏத்து, அசைஞ்சு குடுக்காது" என்றார் உஸ்மான் கனி. அசைந்து கொடுக்காது… அதுதானே வேண்டும் என்று அன்றைக்கு இவனும் கேட்டான். முத்தாபுதுப்பேட்டையில் மிலிட்டரிக்காரர்களுக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம், சேக்காட்டுச் சூளையிலிருந்து செங்கல் ஏற்றிக் கொட்டுகிற வேலை கிடைத்தது, ஏழு பட்டையோடு இருந்த வண்டிக்கு இன்னும் இரண்டு பட்டை செருகி ஒன்பதாக்கினான். என்ன மிதப்பு அப்போது! கல் ஏற்றினால் வண்டி பெட்டிப்பாம்பாக அடங்கும், கல்லை இறக்கிவிட்டால் பின்பக்கம் கழுதை மாதிரி உதைக்கும். அதனால்தான் திரும்பி வருகிறபோது அவனுக்கு இடுப்பு விட்டுப்போகும், கிளீனர் முனியன் உட்காரமாட்டாமல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வருவான். "பாரம் இருந்தாத்தான்டா வண்டிக்கு மரியாதி தெரியும்" என்று இவன்தான் முனியனுக்குப் பாடம் சொன்னான். இதே வாயால். ஒரு தடவையா, நூறு தடவை. சொன்ன வாய்க்கு அன்றைக்கு என்ன வந்தது, எங்கே போயிற்று அந்தப் புத்தி?

ஒரு நாள் அன்னமும் வந்தாள், முழு லோடு ஏற்றிய வண்டியில், முத்தாபுதுப்பேட்டை வரைக்கும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் புருஷன் என்ன வேலை செய்கிறான் என்று பார்க்க வேண்டுமாம். தலை நிறையக் கனகாம்பரம், மடியில் வறுத்த வேர்க்கடலை, தின்றுகொண்டே வந்தாள், இவனுக்கும் உரித்து உரித்துக் கொடுத்தாள், தோலை ஜன்னல் வழியாக ஊதிவிட்டுச் சிரித்தாள். வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கி ஆடிக்கொண்டு போனபோது, "தொட்டிலாட்டம் கீதுய்யா" என்று சொல்லிவிட்டுத் தூங்கியே போய்விட்டாள், இவன் தோளில். ஆவடி வந்தும் எழுப்பவில்லை இவன். அப்போது அவள் வயிற்றில் இருந்ததா அது, இல்லையா? கணக்குப் பார்த்தால் இருந்திருக்கும்… அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கும். அதுவும் தூங்கிக்கொண்டுதான் போயிருக்கும்.

"டயரு இன்னா வேணும், அத்தயாவது சொல்லு" என்று உஸ்மான் கனி இரண்டை உருட்டி வந்து நிறுத்தினார். ஒன்று மிலிட்டரி டயர், கட்டம் கட்டமாக ஆழ வெட்டியது, கையால் அழுத்தினால் கருங்கல். இன்னொன்று சாதா ரோட்டு டயர், பக்கச்சுவர் மெலிசு, கட்டை விரலை வைத்து அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போய் வந்தது. இவன் மெலிசை அழுத்திப் பார்த்தான், திரும்பவும் அழுத்தினான், குனிந்து கன்னத்தை வைத்துப் பார்க்கவேண்டும் போலிருந்தது. பதினாலு மாசத்துக்கு முந்தி, அந்த இன்னொரு நாள் ஓடிய பின்சக்கரத்து டயர் உள்ளே கிழிந்து, தோல் வைத்துத் தைத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஒட்டு தரையைத் தொடும்போது தொப் என்று ஒரு அடி. தொப்… தொப்… தொப்… ஒவ்வொரு தொப்புக்கும் அன்னம் பல்லைக் கடித்ததை இவன் ஓரக்கண்ணால் பார்த்தான். வேகமாகப் போனால் தொப்பும் வேகமாக விழுந்தது, மெதுவாகப் போனால் நேரமாயிற்று. எப்படித்தான் ஓட்டுவான் ஒருத்தன்?

"இத்தப் போடு பாய். மெலிசு." உஸ்மான் கனி அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு பட்டை, மெலிசு டயர், போதாதற்கு வண்டி சீட்டில் துண்டைச் சும்மாடாகச் சுற்றி அதன்மேல் ஒரு பித்தளைக் குடம்… அன்னம் சீராகக் கொண்டுவந்த குடம் அது, இதில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி வைத்து ஓட்டிப் பார்க்கப்போகிறேன், சிந்தாமல் போனால்தான் போய் அவளைக் கூப்பிடுவேன் என்று இவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். உஸ்மான் கனியின் முகம் மெதுவாக மலர்ந்தது. "அடப்பாவி, இத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா? ஊட்ல விசேஷமா? அதான் மெத்துனு கேக்குறியா?" என்று தோளைத் தட்டினார். இல்லை பாய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "ஆமா பாய்" என்று வந்தது. ஏன் அப்படிச் சொன்னான்? சொல்லிவிட்டு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது நிஜம் போலவே இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கண்ணில் தூசி விழுந்த மாதிரி புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

ஆட்களைக் கூப்பிட்டு வண்டியைத் தூக்கி நிறுத்தி, பழைய ஒன்பதைக் கழற்றி ஆறைப் பூட்டி, டயர் மாட்டி, காற்றையும் கொஞ்சம் குறைத்தே வைத்து, எல்லாம் தானே நின்று பார்த்துச் செய்தார் மனுஷன், பெண் வீட்டுக்காரர் மாதிரி. கிளம்பும்போது ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. எத்தினி பட்டை எடுத்தாலும் லாரி லாரிதாம்பா. ஊட்டம்மாவ இட்டுகினு போசொல்ல வெறும் வண்டில போவாதே. பின்னால நாலு மூட்டை மணலு போட்டுக்கோ. தூக்கி அடிக்காது, இன்னா?" சரி பாய் என்றான். தலையை ஆட்டினான். இவனுக்கா தெரியாது? பதினாலு மாசமாக இதையேதானே மென்று துப்பமுடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறான்.

பருத்திப்பட்டு தாண்டும் வரைக்கும் தண்ணீர் நிரப்பி வைத்த குடத்தைத்தான் பார்த்தான், ரோட்டைப் பார்த்தது கொஞ்சம்தான். தண்ணீர் விளிம்பில் நடுங்கிக்கொண்டு நின்றது, வெளியே வரவில்லை. சமர்த்து, சமர்த்து என்று அதைக் கொஞ்சினான். தேவராஜ் போன வாரம் சூளைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான், அன்னத்தின் தம்பி, நல்ல பிள்ளை, குரலை உயர்த்தத் தெரியாதவன். "வெள்ளிக்கெழமை வெளக்கு வெக்கிறதுக்குள்ள வந்து கூப்புடு மாமா. வர்லன்னா, இனிமே வந்து வாசல்ல நிக்காதே. நீ வர்றதும் போறதுமா கீறே, அக்கா தெனிக்கும் தெருவப் பாத்துகினு குந்தினுகீது. மனுசிதானே அதுவும்?" தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா, அப்படியானால் கோபமில்லையா, கோபமில்லை என்றால் பங்குனியில் அவள் அம்மா வீட்டுக்குப் போனபோது கதவுக்குப் பின்னாலிருந்து ஏன் அதைக் கேட்டாள்? "அந்த வண்டிலயா வந்தே?" அவ்வளவுதான் கேட்டாள். பதினாலு மாசத்தில் அந்த ஒரு பேச்சுதான். ஆமாம் என்று சொல்லவும் வாய் வராமல், இல்லை என்று சொல்லவும் வழியில்லாமல் திரும்பிவிட்டான். அன்றைக்கே முடிவு பண்ணினான், வண்டியை மாற்ற முடியாது, வண்டியின் குணத்தை மாற்றிவிடலாம். இன்றைக்கு வெள்ளி, கேட்கட்டும். இது அந்த வண்டி இல்லை அன்னம், குடத்தைப் பாரு, ஒரு சொட்டு சிந்தவில்லை, வந்து உட்கார் என்று சொல்வான். நல்ல பேச்சுதானே? பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஆவடியைத் தாண்டி வண்டி கிழக்கே திரும்பியது. மிலிட்டரி வண்டிகள் உழுது போட்ட ரோடு இன்னும் அப்படியேதான் கிடந்தது. அன்றைக்கு மாசி மாசத்துக் காலை, அன்னத்துக்கு ஏழு மாசம்தான் ஆகியிருந்தது, விடிந்ததும் வலி என்றாள். வண்டி ஐந்நூறு கல்லோடு நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம், கரி அடுப்பில் ஓடுகிற வண்டி, அடுப்பு பற்றி வண்டி கிளம்ப இருபது நிமிஷம் வேண்டும். முனியன் அடுப்புக்குக் காற்று சுற்றிக்கொண்டிருந்தான். இவன் சும்மா நிற்பானா? இருக்கிற இருபது நிமிஷத்தில் கல்லை இறக்கிவிட்டால் வெறும் வண்டி பறக்குமே, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய்விடலாமே என்று பின்கதவைத் திறந்து இரண்டிரண்டாக, நான்கு நான்காக வாரி எறிந்தான், விரல் கிழிந்து ரத்தம் வந்தது, ஐந்நூறையும் இறக்கினான். எத்தனை கெட்டிக்காரத்தனம்! வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்னம் ஏதோ சொன்னாள், கல் விழுகிற சத்தத்தில் இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை, "சும்மா கெட, எனக்குத் தெரியும்" என்று அதட்டினான். தெரியுமாம். ஒன்பது பட்டை, தைத்த டயர், பாரமில்லாத வண்டி, இந்த ரோடு. ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே இந்த மதகு ஏறி இறங்கியபோது அவள் கத்தினாள். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போகவில்லை. வழியில் இருந்த அவள் அம்மா வீட்டில் இறக்கினார்கள், அங்கேயே பிறந்தது, அழவில்லை. ஆண் குழந்தை. தலை நிறைய முடி. அதற்கப்புறம் அன்னம் அந்த வீட்டை விட்டு வரவில்லை.

மதகு வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினான், ஏறியது, இறங்கியது… ஒரு அசைவு, அவ்வளவுதான். தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. ஜெயித்துவிட்டேன் என்று ஸ்டீயரிங்கைக் குத்தினான். மதகைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினான். எதை ஜெயித்தேன்? இதைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினால் என்ன அர்த்தம்? இப்படியும் ஓட்டலாம் என்றுதானே அர்த்தம்? அன்றைக்கும் இப்படி ஓட்டியிருக்கலாம் என்றுதானே? இரண்டு பட்டையைச் செருகாமல் இருந்திருந்தால்… அதுகூட வேண்டாம், பாய் சொன்ன மாதிரி நாலு மூட்டை மணல்… மணல் எதற்கு, கல்தான் இருந்ததே, ஐந்நூறு கல், ஏற்றித் தயாராக… அப்போது வந்தது அந்தக் குரல். பதினாலு மாசம் எங்கே ஒளிந்திருந்ததோ, கல் விழுகிற சத்தத்துக்கு அடியிலிருந்து, வலியோடு, மெதுவாக, தெளிவாக: "கல்லு இருக்கட்டும்யா. கல்லோடவே போலாம்."

இதைத்தான் சொன்னாளா? நிஜமாகவே சொன்னாளா, இல்லை இப்போது நானே கட்டிக்கொள்கிறேனா? இல்லை, சொன்னாள், சொன்னாள். நேரமாகிறது என்பதற்காகச் சொன்னாளா, கல்லுக்காரனுக்குப் பயந்து சொன்னாளா, இல்லை, தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு போன அந்த நாளை நினைத்துச் சொன்னாளா? அவளுக்குத் தெரிந்திருந்ததா? கிளீனருக்குப் பாடம் சொன்னவனுக்கு மறந்தது, ஒரே ஒரு நாள் வண்டியில் வந்தவளுக்கு நினைவிருந்ததா? அப்படியானால் இந்தப் பதினாலு மாசமும் அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தது வண்டிக்குப் பயந்துகொண்டா? வண்டியிடம் அவளுக்கு என்ன பயம்? இவன் போய் நின்று, இந்தா ஆறு பட்டை, மெலிசு டயர் என்று கதை சொன்னால், அவள் எந்த முகத்தோடு கேட்பாள்? இல்லை, நீ சொன்னது இப்போதுதான் அன்னம் காதில் விழுந்தது என்று சொன்னால்? அதைச் சொல்ல வாய் வருமா இவனுக்கு, வந்தால் அவள் கதவைத் திறப்பாளா, சாத்துவாளா?

வெயில் தாழ்ந்துவிட்டது, விளக்கு வைக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். மரங்களுக்கு மேலே திருமுல்லைவாயில் கோபுரம் தெரிந்தது, அங்கிருந்து நாலாவது தெருவில் அவள் அம்மா வீடு. பக்கத்து சீட்டில் குடம் நிறைகுடமாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஜம்புலிங்கம் வண்டியை விட்டு இறங்கிப் பின்பக்கம் போய், கதவின் கொண்டியை விலக்கித் திறந்து பார்த்தான். சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தது, பாய் சொன்ன மணலையும் ஏற்றிக்கொள்ளவில்லை. ஒரு கல்கூட இல்லை.