அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

ஆசிரியை கேள்வியை முடிப்பதற்குள் அவள் கை மேலே போய்விடும். கேள்வி என்னவென்று பிறகு விசாரித்துக்கொள்வாள். கரும்பலகை துடைக்க, பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க, வராத பெண்ணுக்குப் பதிலாக நாடகத்தில் மரமாக நிற்க, எல்லாவற்றுக்கும் அவள்தான். வகுப்பில் 'கைதூக்கி' என்று பெயர் வைத்தார்கள். அதையும் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

பல்கலைக்கழகத்தில் பேரவைச் செயலர், நூலகத்தில் பகுதி நேரம், ரத்ததான முகாம், இரண்டு மொழிச் சான்றிதழ். எதிலும் பெயர் இருக்கும். ஆள்தான் பாதி நாள் இருக்க மாட்டாள். அடுத்ததற்கு ஓடியிருப்பாள்.

துணிக்குச் சாயமேற்றும் ஆலையில் எழுத்தராகச் சேர்ந்த மூன்றே வருடத்தில் அவள் மேசைப் பெயர்ப்பலகையில் நான்கு பதவிகள் ஏறிவிட்டன. ஒவ்வொன்றின் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று இருந்தது. சம்பளம் ஒன்றுதான். ஆனால் அந்தச் சின்ன வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஐந்தாவது வந்தது ஒரு திங்கட்கிழமை. பாதுகாப்பு அலுவலர் திடீரென்று வேலையை விட்டிருந்தார். அந்த வேலையை யார் பார்க்கிறீர்கள் என்று மேலாளர் கேட்டதும் அத்தனை பேரும் மேசையைப் பார்த்தார்கள். அவள் கையைத் தூக்கினாள். மேலாளர் உடனே ஒரு கடிதத்தை நகர்த்தினார். எல்லாம் தட்டச்சாகி இருந்தது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். முன்கூட்டியே யாருக்காகத் தயாரித்தார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சாவியைக் கொடுக்க வந்த பழைய அலுவலர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மாசம் ஒருதடவை பாய்லர் வால்வை இழுத்துப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா. அழுத்தம் ஏறினா அது தானா திறந்து ஆவியை வெளிய விடணும். நான் கேட்ட புது வால்வு வரல. அதான் நான் கிளம்பறேன்."

சரி சார் என்றாள். அன்று மதியமே ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது. அடுத்த மாதம் ஆண்டறிக்கைக் குழு. அதற்கடுத்த மாதம் உதவி மேலாளர் தேர்வுக்குப் படிப்பு. வால்வுப் பதிவேடு மேசைக்கு வந்தபோதெல்லாம் 'சோதித்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே பாய்லர் அறைக்கு இறங்கியதே இல்லை. அங்கே வேலை பார்ப்பது அவள் கணவன்தான். ஏதாவது கோளாறென்றால் சொல்லமாட்டானா என்று ஒரு தைரியம்.

உதவி மேலாளர் பதவிக்குத் தலைமை அலுவலகத்தில் நேர்காணல். வராந்தாவில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவளுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் பாக்கி. அப்போது கணவன் கைபேசியில் கூப்பிட்டான்.

தைரியமாகப் பேசு, இந்த முறை உனக்குத்தான் என்று வாழ்த்தினான். பின்னால் இரைச்சல் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. அங்கே என்ன என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அழுத்தம் காட்டற முள்ளு காலையிலேர்ந்து சிவப்புக் கோட்டைத் தாண்டியே நிக்குது. பசங்க பயந்துட்டு பாய்லரை நிறுத்தணும்னு நின்னாங்க. நான்தான் திட்டி உக்கார வெச்சேன். என் வீட்டுக்காரி கையால இழுத்துப் பாத்துக் கையெழுத்துப் போட்ட வால்வுடா, ஏறினா தானா திறக்கும்னு சொன்னேன். அப்புறம்தான் அடங்கினாங்க."

அங்கே எத்தனை பேர் என்று கேட்டாள். ஏழு பேர் என்றான், அவனையும் சேர்த்து.

உள்ளேயிருந்து அவளை அழைத்தார்கள். கதவைப் பிடித்தபடி உதவியாளர் காத்திருந்தார். உண்மையைச் சொன்னால் இந்த அறைக்குள் போக வேண்டிய அவசியமே இருக்காது என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த யோசனையில் போனது இரண்டு மூன்று நொடிதான். ஆனால் போனது போனதுதான்.

"என்னங்க, நான் அதைப் பாக்கவே இல்ல. ஒருதடவைகூட பாக்கல. எல்லாரையும் கூட்டிட்டு வெளிய வந்துடுங்க."

"என்னது? ஒண்ணும் கேக்கல, இங்க ஒரே சத்தமா இருக்கு. நீ உள்ள போ, வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

வைத்துவிட்டான். அவள் மறுபடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.